சுளுக்கு என்று நீவாதீர்கள்... கட்டைவிரலுக்கு வேண்டியது ஓய்வு!

பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கைக் கழித்து, கத்தியால் ஒரே அகலத்தில் வகிர்ந்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்கிய பிறகுதான் பெட்டி பின்ன உட்கார முடியும். அதன்பின் எல்லாம் கட்டைவிரலின் வேலை. ஒரு ஓலையை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொன்றை அதன் அடியில் நுழைக்க வேண்டும், இறுக்கி இழுக்க வேண்டும். கைக்கு அடக்கமான சின்னப் பெட்டிக்கே இந்த அழுத்தலும் இழுப்பும் நூற்றுக்கணக்கான முறை நடக்கும்.

திருவள்ளூர் மாவட்டம், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் மீனவ ஊர்களில் ஒன்று தோணிரேவு. 'ரேவு' என்றால் தெலுங்கில் துறை. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ஊர்ப் பெயரிலேயே இரண்டு மொழியும் கலந்துவிட்டது. இந்த ஏரிக்கரைப் பெண்களுக்கு ஓலைப் பின்னல் ஒரு வருமானம். அதோடு வேலை முடிந்துவிடுமா? வலையில் சிக்கிய நண்டைக் கால் உடையாமல் கழற்றுவது, இறால் தலையைக் கிள்ளி ஓடு உரிப்பது, மீன் செதிள் சீவுவது, கிழிந்த வலையைக் கோர்ப்பது என்று நாள் முழுக்கக் கைக்கு வேலைதான். ஏரிச் சேற்றில் வலையே இல்லாமல், கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் இங்கே உண்டு. வீட்டுக்கு வந்தால் துணி பிழிய வேண்டும், தண்ணீர்க் குடம் தூக்க வேண்டும், இடுப்பில் குழந்தையைச் சுமக்க வேண்டும். இத்தனையிலும் கட்டைவிரலுக்கு மட்டும் விடுமுறையே கிடையாது.

ஒரு நாள் காலையில் குடத்தைத் தூக்கப் போகும்போது, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் சுரீர் என்று ஒரு வலி. "சுளுக்கிக்கிச்சு, எண்ணெய் போட்டு நீவி விடு" என்பார்கள். நம் வீடுகளில் கைவலிக்கு முதல் வைத்தியம் அதுதானே! ஆனால், இந்த ஒரு வலியில் அந்த வைத்தியமே வலியை வளர்த்துவிடலாம்.

குழாய்க்குள் மாட்டிய கயிறு

தசையை எலும்போடு கட்டிப்போட்டிருக்கும் கயிறுதான் தசைநாண். கட்டைவிரலை வெளிப்பக்கம் விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய குழாய்க்குள் புகுந்துதான் விரலுக்குப் போகின்றன. அந்தக் குழாயின் ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் கெட்டியான உறை. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவதுபோல விரல் அசையும்போதெல்லாம் அவை வழுக்கி ஓட வேண்டும்.

அந்த உறை தடித்துவிட்டால் குழாய் குறுகிவிடும். கயிறு உரசும், சிக்கும். மணிக்கட்டு எலும்பின் மேட்டில் தொட்டால் உயிர் போகிற வலி, சில சமயம் அங்கே சின்ன வீக்கம். டம்ளரைப் பிடிக்க, பாட்டில் மூடியைத் திருக, சாவியைத் திருப்ப, தோசையைத் திருப்பிப் போடக்கூட முடியாது. முழங்கை வரைக்கும் வலி ஏறுவதாகச் சிலர் சொல்வார்கள். மருத்துவர் சீட்டில் இதற்கு 'டி குவெர்வெய்ன்' என்று எழுதியிருக்கும்.

அது ஒரு மருத்துவரின் பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் 1895-ல் இந்த நோயை விவரித்து எழுதினார். அப்போது அவர் வேலை பார்த்த லா ஷோ-டி-ஃபோன் நகரம், கைக்கடிகாரத் தொழிலுக்கே பெயர் போனது. நுணுக்கமாக விரல் வேலை செய்யும் ஊரில் இருந்து இந்த நோயின் விவரம் வந்தது தற்செயலா என்று தெரியாது. ஆனால், அந்தக் காலத்திலேயே ஆங்கில மருத்துவ நூலில் இதற்கு 'சலவைப் பெண்களின் சுளுக்கு' என்று ஒரு பெயர் இருந்தது. நாள் முழுக்கத் துணி பிழிந்த கைகளுக்கு வந்ததால் அந்தப் பெயர். இன்றைக்குக் கைபேசியில் ஒற்றைக் கட்டைவிரலால் தட்டித் தட்டிச் செய்தி அனுப்புகிறவர்களுக்கும் இதே வலி வருகிறது. இந்தக் கட்டுரையைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களும் இந்தப் பட்டியலில் வரலாம்!

வேலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் 30 வயதிலிருந்து 50 வயதுக்குள் இது அதிகம். கர்ப்ப காலத்திலும், பிரசவமான சில மாதங்களிலும் உடலில் நடக்கும் மாற்றங்களால் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். எப்படி வந்தாலும், அதைக் கிளறிவிடுவதும் ஆறவிடாமல் வைத்திருப்பதும் ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யும் கைவேலைதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை

கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற நான்கு விரல்களால் அதை மூடுங்கள். அப்படியே மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் ஓரத்தில் 'ஆ' என்று கத்தவைக்கும் வலி வந்தால், இந்த நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக இருக்கிற கைக்குக்கூட லேசாக இழுப்பது போலத்தான் இருக்கும். அதனால் இரண்டு கையிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேகமாகச் செய்யாதீர்கள். ஒரு முறை போதும், வலிக்கிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருப்பதும் கைக்கு வேலைதான்.

கட்டைவிரலின் அடி மூட்டுத் தேய்மானமும் கிட்டத்தட்ட இதே இடத்தில் வலிக்கும். கீழே விழுந்து கையை ஊன்றிய பிறகு வந்த வலி என்றால் சின்ன எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ராத்திரியில் விரல்கள் மரத்துப்போய் எழுப்புகிறது என்றால் அது வேறு நரம்புப் பிரச்னை. மீன் முள்ளோ நண்டுக் கொடுக்கோ குத்திய பிறகு கை சிவந்து, சூடாகி, வீங்கி, விரலை அசைக்க முடியாமல் வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தசைநாண் உறைக்குள் கிருமி போய்விட்டால் விரலையே இழக்க நேரிடலாம்.

ஏன் நீவக் கூடாது?

ஏற்கெனவே தடித்து, உரசிக்கொண்டிருக்கும் உறையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நீவினால், உரசல் இன்னும் கூடும். நீவும்போது இதமாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் இரட்டிப்பாக வலிக்கும். விரலைப் பிடித்து இழுத்துச் சொடுக்கு எடுப்பதும் அப்படித்தான்.

நம் ஊர்க் கட்டு வைத்தியத்தில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய சிலருக்கு வலி குறைந்திருக்கும். கை அசையாமல் நின்றதே அதற்குக் காரணமாக இருக்கலாம். மருத்துவமனையில் தரும் ஸ்ப்ளின்ட்டும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரே வித்தியாசம், அதைக் கழற்றிக் குளிக்கலாம், கை வீங்கினால் தளர்த்தலாம். இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே பிரித்துவிட வேண்டும்.

மருந்துக்கடையில் 'மணிக்கட்டு பெல்ட்' என்று கேட்டால் பெரும்பாலும் மணிக்கட்டை மட்டும் சுற்றும் பட்டையைத் தருவார்கள். இந்த வலிக்கு அது போதாது. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்து, அதன் நுனியை மட்டும் வெளியே விடும் ஸ்ப்ளின்ட்தான் வேண்டும். மூன்றிலிருந்து ஆறு வாரம் வரை அணியச் சொல்வார்கள்.

வலி அதிகமான முதல் நாட்களில் ஐஸ் ஒத்தடம் இதம் தரும். மீன் பெட்டிக்கு ஐஸ் போடும் ஏரிக்கரையில் அதற்குப் பஞ்சமில்லை. சுத்தமான ஐஸை கவரில் போட்டு, துணியில் சுற்றி, பத்து நிமிடம் வையுங்கள். நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். வலிநிவாரணி ஜெல்லை அழுத்தித் தேய்க்காமல் மெல்லத் தடவலாம். மாத்திரையை மட்டும் கடையில் நாமாக வாங்கிப் போட வேண்டாம். கர்ப்பிணிகள், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் ஆபத்து.

வேலையை நிறுத்த முடியாதவர்களுக்கு?

'ஆறு வாரம் கைக்கு ஓய்வு கொடுங்கள்' என்று மருத்துவர் சொல்வது சுலபம். பின்னினால்தான் காசு, உரித்தால்தான் கூலி என்று இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? பலர் தலையை ஆட்டிவிட்டு வந்து, அன்று சாயங்காலமே ஓலையைக் கையில் எடுப்பார்கள். அதனால், ஓய்வு என்பதை வேறு விதமாகப் பார்ப்போம். கைக்கு முழு விடுப்பு கிடைக்காவிட்டாலும், வலிக்கிற அந்த ஒரு அசைவுக்கு விடுப்புக் கொடுக்க முடியும்.

ஓலை காய்ந்திருந்தால் விரலுக்கு இரட்டை பலம் தேவைப்படும். அதனால் நன்றாக ஈரம் ஏறிய பிறகே பின்னுங்கள். மொட்டைக் கத்தியும் அப்படித்தான். கூராக்கி, கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொண்டால் விரல் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. பெட்டியைக் கையில் தூக்கிப் பிடிக்காமல் மடியில் ஒரு பலகை வைத்து அதன்மேல் வைத்துப் பின்னினால், மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்கும். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் கையைச் சும்மா வையுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் கைபேசியை எடுத்தால் கணக்கு நேராகிவிடும்!

குழுவாகப் பின்னுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வலி உள்ளவர் சில வாரம் சாயம் போடுவது, ஓலை அடுக்குவது, கணக்குப் பார்ப்பது என்று மாறிக்கொள்ளலாம். அவருக்குக் கூலி குறையாமல் பார்த்துக்கொண்டால்தான் இது நடக்கும், இல்லையென்றால் யாரும் வலியை வெளியே சொல்ல மாட்டார்கள். வலை கோர்ப்பவர்கள் நெஞ்சு உயரத்தில் ஆணி அடித்து வலையை மாட்டிக்கொள்ளலாம். ஈர வேலையில் ஸ்ப்ளின்ட் போட்டால் மீன் தண்ணீர் ஊறித் தோல் வெந்துவிடும். உலர்ந்த வேலைக்கும் தூங்கும்போதும் போட்டுக்கொண்டு, இறால் உரிக்கும் வேலையைத்தான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரமோ பேசினோ எதுவாக இருந்தாலும், விளிம்பைக் கட்டைவிரலால் கவ்வித் தூக்காமல், இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். துணியை முறுக்கிப் பிழியாமல் கொடியில் சொட்டச் சொட்டப் போட்டுவிடுங்கள். ஒரு நாள் காய லேட்டானால் ஆகட்டும். கைக்குழந்தைக்காரர்கள் செய்வது என்னவென்றால், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்குவார்கள். அந்த விரிப்பில்தான் மொத்த பாரமும் இறங்குகிறது. ஒரு கையைப் பின்புறத்தின் அடியிலும், இன்னொரு முன்கையைக் கழுத்து, முதுகுக்குக் கீழும் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். பால் கொடுக்கும்போது தலையணை வைத்துக்கொண்டால் குழந்தையின் தலையை மணிக்கட்டு சுமக்க வேண்டியதில்லை. இவர்களுக்கு ஒரு ஆறுதல்: பலருக்குக் குழந்தை வளர வளர இந்த வலி தானாகவே விட்டுப்போகிறது. கைபேசி பிரியர்கள் ஒரு கையில் பிடித்து, மறு கையின் ஆள்காட்டி விரலால் தட்டலாம். தமிழில் பேசினாலே எழுதிக்கொள்ளும் வசதி இருக்கும்போது தட்டுவதுகூட எதற்கு?

ஊசிக்குப் பயம் வேண்டாம்

சில வாரம் இப்படியெல்லாம் இருந்தும் வலி குறையவில்லை என்றால், அந்தக் குழாய்க்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறோம். தினமும் விழுங்கும் மாத்திரை வேறு, ஒரே இடத்தில் ஓரிரு முறை போடும் ஊசி வேறு. பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே சரியாகிவிடும். ஊசி போட்ட இடத்தில் தோல் சற்று வெளுக்கலாம், லேசாகப் பள்ளம் விழலாம். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில நாட்களுக்குச் சர்க்கரை அளவு ஏறும். சிலருக்கு அந்தக் குழாய் உள்ளே தடுப்புச்சுவர் மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஊசி ஒரு பக்கம் மட்டும் போனால் பலன் இருக்காது.

அதற்கும் கேட்காத சிலருக்குத்தான் அறுவை சிகிச்சை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, உறையைக் கீறிக் குழாயைத் திறந்துவிடுவார்கள். சின்ன அறுவை சிகிச்சைதான். ஆனால், பக்கத்திலேயே தோலின் உணர்வு நரம்பு ஓடுவதால் அனுபவம் உள்ள கை செய்ய வேண்டும். பழவேற்காட்டுப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிஸியோதெரபி கொடுப்பதும் அடக்கம். உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறார்கள் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வையுங்கள்.

வலி நன்றாக அடங்கிய பிறகுதான் பயிற்சி. கட்டைவிரலை மெல்ல விரித்து மடக்குவதில் தொடங்கி, பிறகு ஒரு ரப்பர் பேண்டை விரல்களைச் சுற்றிப் போட்டு விரிக்கலாம். வேலைக்குத் திரும்பும் முதல் வாரம் இளம் ஓலையில் சின்னப் பெட்டியாகப் பின்னுங்கள். சாயங்காலம் வந்த வலி மறுநாள் காலையிலும் இருந்தால், அன்றைய வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.