ஏரிக்கு முன்பே தொடங்கும் வெள்ளம்

மேட்டூரில் திறந்த காவிரித் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். கரையோர மக்கள் ஆடுமாடுகளோடு மேட்டுக்குப் போக அது போதும். சென்னையின் அடையாற்றில் அந்த அவகாசம் கிடையாது. 42 கி.மீ. நீளமே உள்ள ஆறு அது. படப்பையில் கொட்டும் மழை சில மணி நேரத்தில் முடிச்சூர் வாசலுக்கு வந்துவிடுகிறது.

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. நவம்பர் மழையில் செம்பரம்பாக்கம் ஏரி முன்பே ஏறக்குறைய நிரம்பியிருந்தது. அந்த நாளில் ஏரியிலிருந்து அடையாற்றுக்கு விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. அதே வேகத்தில் ஒரு நாள் ஓடினால் சுமார் 2,500 மில்லியன் கனஅடி. ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3,645 மில்லியன் கனஅடிதான்.

நீர்மட்டம் உயர்ந்த பிறகு கணக்குப் போட்டால் காலம் கடந்துவிடும். அதனால் முன்னறிவிப்பு வானத்தில் தொடங்குகிறது. மழைமேகம் எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் டாப்ளர் ரேடார் காட்டுகிறது. மழைமானிகள் தரையில் விழுந்த அளவைச் சொல்கின்றன. மண் ஏற்கெனவே ஊறியிருக்கிறதா, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரவேண்டும். அவை நிரம்பி வழிந்தால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் வரும். கடைசியில் கடலையும் பார்க்கவேண்டும். கடல்மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் முகத்துவாரம் வெள்ளத்தை எளிதில் உள்வாங்காது. 2015க்குப் பின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் சென்னைக்காக உருவாக்கிய வெள்ள எச்சரிக்கை அமைப்பு மழை, ஆறு, கடல் மூன்றையும் இணைத்தே கணிக்கிறது.

இந்தக் கணக்கில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குத் தனி இடம் உண்டு. ஒரு சதுர கி.மீ. பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர். வயலாக இருந்தபோது வரப்பு கொஞ்சம் நிறுத்தும், மண் கொஞ்சம் குடிக்கும். தகரக் கூரையும் கான்கிரீட் தளமும் அப்படியே கால்வாய்க்குத் தள்ளிவிடும். வெள்ளம் சீக்கிரம் வரும், உயரமாகவும் வரும். பழைய நில வரைபடத்தை நம்பிக் கணித்தால் விடை குறைவாகவே கிடைக்கும்.

முடிச்சூர், வரதராஜபுரம் மக்களே, ஒன்றை மனத்தில் வையுங்கள். படப்பை, மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து நீர் செம்பரம்பாக்கத்துக்குள் போவதே இல்லை. நேராக அடையாற்றில் இறங்குகிறது. ஏரியின் உபரிநீர் உங்கள் ஊரைத் தாண்டி, திருநீர்மலை அருகேதான் ஆற்றில் சேர்கிறது. ஆகவே மதகு திறக்கும் செய்திக்காகக் காத்திருக்காதீர்கள். மேற்கே பெய்யும் மழையைக் கவனியுங்கள்.

தொழிற்சாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வளாகத்தில் ஒரு மழைமானி வையுங்கள். அளவை உடனுக்குடன் நீர்வளத் துறைக்குச் சொல்லுங்கள். கூரைநீரை வளாகத்திலேயே குளம் வெட்டித் தேக்குங்கள். மேட்டில் அளந்து தேக்கிய நீர், பள்ளத்தில் இருப்பவர்கள் வீட்டைவிட்டு வெளியேறக் கிடைக்கும் நேரம்.