இரவு பறிபோன படமாளிகைகள்

இலங்கையின் கிழக்கே ரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. 1928இல் அந்தப் பாதை திறந்த காலம் தொட்டு, அதற்குத் தெற்கே கடலோரமாகத் தொடுத்துக் கிடக்கும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களுக்கு எந்தச் சாமானும் தெருவழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். சினிமாப் படப்பெட்டிக்கும் அதுதான் வழி.

35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படமென்றால் 13,500 அடி. அதைப் பல றீல்களாகச் சுற்றி, வட்டத் தகர டப்பாக்களில் அடைத்து, பெட்டியில் பூட்டி அனுப்புவார்கள். பெட்டி வராவிட்டால் அன்றைய காட்சி இல்லை. சனம் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கும்.

ஒப்பரேட்டரின் அறை ஒரு சின்ன அடுப்படி மாதிரி வேகும். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து எரிகிற வெளிச்சந்தான் திரையில் விழுவது. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் திரை மங்கும், கலரியிலிருந்து விசில் கிளம்பும். றீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதைக் கண்டதும் அடுத்த மெஷினை ஓட்டிவிட வேண்டும். சில நொடிகளில் இரண்டாவது புள்ளி வரும்போது காட்சி மெஷின் மாறிவிட்டிருக்கும். கலரி, செக்கன் கிளாஸ், ஓடிசி, பால்கனி என்று காசுக்கேற்பப் பிரிந்து உட்கார்ந்திருந்தவர்களில் அந்தப் புள்ளியைக் கவனித்தவர்கள் குறைவு.

இலங்கையில் படமாளிகைத் தொழிலைப் பெரிதாக்கியவர் சிற்றம்பலம் ஏ. கார்டினர். 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியைத் தொடங்கினார். பின்னர் கே. குணரத்தினத்தின் சினிமாஸ் லிமிட்டெட் போட்டிக்கு வந்தது. கொழும்பு மேயராக இருந்த ஜாபிர் ஏ. காதரும் பல படமாளிகைகளின் சொந்தக்காரர். யாழ்ப்பாணத்தில் வின்சர், றீகல், மனோகரா, ராஜா. மட்டக்களப்பில் சாந்தி, சுபராஜ் என்று பெயர்கள் பெருகின. படங்கள் வந்த ஊற்று மட்டும் கொழும்புதான்.

கரையோர முஸ்லிம் ஊர்களில் சினிமாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பெரியவர்கள் ஏசினார்கள், இளசுகள் போனார்கள். நோன்பு மாதத்தில் வாசல் வெறிச்சோடும், பெருநாள் அன்று கதவு முட்டும். படம் வரும் முன்னரே அதன் பாட்டும் வசனமும் இலங்கை வானொலி வழியாக வீடுகளுக்குள் நுழைந்துவிடும். அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவின் மின்னல் வேகக் குரலும் பி. எச். அப்துல் ஹமீதின் நிதானமும் தியேட்டர் வாசலை மிதிக்காத பெண்களுக்கும் சினிமாவைக் கொண்டு சேர்த்தன.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, படங்களை இறக்குமதி செய்வதும் விநியோகிப்பதும் அதன் கைக்குப் போயின. எந்தத் தமிழ்ப் படம் எப்போது வரும் என்பது அதிகாரிகளின் முடிவானது. அப்படியிருந்தும் கூட்டம் குறையவில்லை. 1979இல் நாடு முழுவதும் 7 கோடிக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. இலங்கைச் சினிமா அதற்குமேல் ஏறவே இல்லை.

அதே 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இல் ரூபவாஹினியும் தொடங்கின. அரபு நாடுகளுக்கு உழைக்கப் போனவர்கள் டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்தார்கள். டெக்கை வாடகைக்கு எடுத்து, வளவில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்ப்பது புது வழக்கமானது. அமெரிக்காவில் 1933இல் பிறந்து, 1973இல் அகமதாபாத்துக்கு வந்த, காருக்குள் இருந்தபடி பார்க்கும் 'டிரைவ் இன்' தியேட்டர், சைக்கிளில் படம் பார்க்கப் போன கல்முனைக்கு எட்டவில்லை. திறந்த வானத்தின் கீழ் சினிமா என்றால் இந்தக் கரையில் அந்த வளவுதான்.

ஆனால் வீடியோ மட்டுமே படமாளிகையைச் சாய்த்தது என்பது பாதிக் கதை. 1983 ஜூலைக் கலவரத்தில் குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது, பல படச்சுருள்களும் சாம்பலாயின. பிறகு யுத்தம். 1990 ஜூனில் கல்முனைப் பொலிஸ் நிலையம் விடுதலைப் புலிகளின் கைக்குப் போன நாட்களில் யார் செக்கன் ஷோ பார்ப்பார்? படமாளிகையின் பிழைப்பு மாலையிலும் இரவிலும்தான். ஊரடங்கும் சோதனைச் சாவடியும் பயமும் அந்த இரவைப் பறித்தன. டெக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் நாட்டில் டிக்கெட் விற்பனை வெகுவாக இறங்கியிருந்தது.

படமாளிகைக் கட்டடங்கள் வேறு வேலைக்கும் போயின: யாழ்ப்பாணத்தில் ஸ்ரீதர் தியேட்டர் அரசியல் கட்சி அலுவலகமானது. பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது புது மெஷினுக்குக் கொட்டப் பணம் வேண்டியிருந்தது, சின்ன ஊர் முதலாளிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கல்முனைப் பிரதான வீதியில் ஒரு பேர்ச்சஸ் காணிக்குக் கேட்கிற விலைக்கு, மூன்று காட்சி டிக்கெட் காசு எந்த மூலைக்கும் காணாது.