கொய்யாவுக்குள் புழு எப்படி வந்தது?

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கொய்யா மரத்தைத் தினமும் அண்ணாந்து பார்க்கிறீர்கள். இன்னும் நாலு நாள் போகட்டும் என்று காத்திருந்து பறிக்கிறீர்கள். அறுத்தால் உள்ளே புழு நெளிகிறது! பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. இரவுச் சந்தையில் விற்று நாலு வெள்ளி பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்கோ அதுவும் போயிற்று.

இது பழ ஈயின் வேலை. வீட்டு ஈ அளவுதான் இருக்கும். மஞ்சள் கோடுகளோடு சிறு குளவிபோலத் தெரியும். பெண் ஈ காயின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி. நாளாக நாளாக அதைச் சுற்றிக் கறுத்து, தொட்டால் மெத்தென்று அமுங்கும். (பலாவில் ஓட்டையும் வெளியே எச்சமும் தெரிந்தால் அது வேறு புழு, காய்த் துளைப்பான்.) ஓரிரு நாளில் முட்டை பொரிந்து, புழு ஒரு வாரத்துக்குமேல் சதையைத் தின்னும். பிறகு பழத்தைவிட்டு வெளியேறி மண்ணுக்குள் போகும். சுமார் 10 நாளில் ஈயாகக் கிளம்பும். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் 1,000 முட்டைக்குமேல் இடக்கூடியது. மரத்தடியில் அழுகிக் கிடக்கும் பழத்தை ‘கிடக்கட்டும்’ என்று விடுகிறோமே, அங்கேதான் அடுத்த கூட்டம் வளர்கிறது.

"தோட்டத்து மருந்து கொஞ்சம் கொண்டுவந்து அடித்தால் போகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்! புல்லைக் கொல்லும் மருந்து ஈயைக் கொல்வதற்கானதல்ல. பூச்சி மருந்தானாலும், மேலே அடித்தது உள்ளே இருக்கும் புழுவைச் சேருவது அரிது. ஆனால் மரத்திலேறிப் பறித்துக் கழுவாமல் தின்னும் உங்கள் பிள்ளையின் வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

செலவில்லாத வழி, உறை போடுவதுதான். நட்சத்திரப் பழம் கட்டைவிரல் நீளம் இருக்கும்போதே, கொய்யா சிறிய எலுமிச்சை அளவில் இருக்கும்போதே மூடிவிடுங்கள். பழைய பத்திரிகைத் தாளைப் பைபோல் மடித்துக் காம்போடு சேர்த்துக் கட்டினால் போதும். பிளாஸ்டிக் பையானால் அடியில் இரண்டு ஓட்டை போடுங்கள்; இல்லாவிட்டால் மழைநீர் தேங்கிப் பழம் அழுகும். காய் பழுக்கத் தொடங்கிய பிறகு மூடினால், முட்டையையும் சேர்த்து மூடியதாகிவிடும்.

விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்துவிடுங்கள். மேலாகப் புதைத்தால் ஈ வெளியே வந்துவிடும். குழி வெட்ட முடியாதவர்கள் கறுப்புப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடலாம். கோழிகளை மரத்தடியில் மேயவிட்டால் மண்ணில் இருப்பதைக் கிளறித் தின்னும்.

துளசியில் உள்ள மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் ஆண் ஈக்களை இழுக்கும். கடையில் விற்கும் பல பொறிகளில் இருப்பதும் அதுதான். ஆனால் அதில் சிக்குவது ஆண் ஈ. முட்டையிடுகிற பெண் ஈ வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். பொறியை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. ஈக்கு வேலி கிடையாது. பக்கத்து வீட்டில் பழம் அழுகிக் கிடந்தால் உங்கள் பாடு வீண்தான். "அண்ணே, உங்கள் மரத்தடியையும் நானே பொறுக்கிவிடட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் அவரே வாளியோடு வந்து நிற்பார்.