ராகிகரிக் கட்டுரையும் மாற்று அளவைகளும்

ஐதராபாத்தின் கிழக்கே, ஹப்சிகுடாவில் சி.சி.எம்.பி. எனப்படும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் இருக்கிறது. ஹரியாணாவிலுள்ள சிந்துவெளி நாகரிகத் தலமான ராகிகரியில் அகழ்ந்தெடுத்த எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரிக்கும் பணி அங்குள்ள ஆய்வகத்தில்தான் நடந்தது. நம் நாட்டு வெப்பத்தில் தொல்மரபணு எளிதில் சிதைந்துவிடுவதால், சோதிக்கப்பட்ட 61 மாதிரிகளில் ஒரு பெண்ணின் எலும்பு மட்டுமே பயன்படும் அளவுக்கு மரபணுவைத் தந்தது.

அவரிடம் ஸ்டெப்பி புல்வெளி மேய்ப்பர்களின் மரபுக்கூறு இல்லை என்னும் கட்டுரை 2019 செப்டம்பரில் 'செல்' இதழில் வெளியானது. அதே வாரம் 'சயின்ஸ்' இதழில் வந்த, ஆசிரியர்களில் சிலர் இரண்டிற்கும் பொதுவான மற்றொரு கட்டுரையோ, 523 தொல்மனிதர்களின் மரபணுவைக் கொண்டு, அந்த மேய்ப்பர்களின் வழித்தோன்றல்கள் கி.மு. 2000-க்குப் பின் தெற்காசியாவுக்கு வந்ததைக் காட்டியது. இந்த மேய்ப்பர் வரவை ஆரியர் வருகையோடு இணைத்து, அது பொய்த்தது என்று சில ஊடகங்களும், உறுதியானது என்று வேறு சிலவும் எழுதின.

ஓர் ஆய்வைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்னும் கணக்கு சேர ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், அந்த வாரத்துப் பரபரப்பை அது காட்டியிருக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பவே ஆல்ட்மெட்ரிக்ஸ் எனப்படும் மாற்று அளவைகள் தோன்றின. அறிவுப் பணியை எண்ணால் அளக்கும் முயற்சி புதிதன்று; நூலகப் பணிகளைப் புள்ளியியலால் அளக்கும் 'லிப்ராமெட்ரி' என்னும் துறையைச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1948-லேயே முன்மொழிந்திருந்தார். 1964-இல் யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை வந்தது. இணையச் சுவடுகளையும் எண்ண வேண்டும் என்ற அறிக்கையை 2010-இல் ஜேசன் பிரீமும் மூன்று ஆய்வாளர்களும் வெளியிட்டனர்.

பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. என்னும் நிலையான அடையாள எண் உண்டு. செய்தித்தளம், வலைப்பதிவு, விக்கிப்பீடியா, அரசின் கொள்கை ஆவணம், சமூக ஊடகம் ஆகியவற்றில் அந்த எண்ணோ அதன் இணைப்போ தென்படும்போதெல்லாம் மென்பொருள் அதைப் பதிவு செய்கிறது. லண்டனின் ஆல்ட்மெட்ரிக் நிறுவனம் இவற்றுக்கு வெவ்வேறு எடை தந்து ஒரே மதிப்பெண்ணாக்குகிறது. நெடுங்காலம் ஒரு செய்திக்கு 8, வலைப்பதிவுக்கு 5, ட்விட்டர் பதிவுக்கு 1 என்பது கணக்காக இருந்தது. பலவண்ண வளையத்தின் நடுவே அந்த மதிப்பெண் நிற்கும்.

ஆனால் பேசியவர் பாராட்டினாரா, திரித்தாரா, மறுத்தாரா என்பது அந்த எண்ணில் இல்லை. புதிய கொரோனா வைரசின் புரதத்தில் எச்.ஐ.வி.யை ஒத்த கூறுகள் இருப்பதாக டெல்லி ஆய்வாளர்கள் 2020 ஜனவரி 31 அன்று வெளியிட்ட முன்வரைவு, கடும் விமர்சனத்துக்குப் பின் ஓரிரு நாட்களிலேயே அவர்களால் திரும்பப் பெறப்பட்டது. அதைக் கண்டித்த பதிவுகளும் சேர்ந்துதான் அதன் மதிப்பெண்ணை உயர்த்தின. ஆகவே பதவி உயர்வுக்கோ நிதி ஒதுக்கீட்டுக்கோ இந்த எண்ணை மட்டும் நம்புவது பெரும் பிழை. யார், எங்கே, எதற்காகப் பேசினர் என்று வளையத்துக்குள் சென்று படிப்பவருக்கே இந்த அளவை பயன்படும்.

இன்னொரு குறை நமக்கு நெருக்கமானது. இந்த அளவைகள் பெரும்பாலும் ஆங்கில ஊடகங்களையே சார்ந்திருக்கின்றன. ஹப்சிகுடா ஆய்வைப் பற்றித் தமிழிலோ தெலுங்கிலோ முழுப்பக்கம் எழுதினாலும், மூலக் கட்டுரையின் இணைப்பு இல்லையென்றால் அந்தப் பக்கம் கணக்கில் ஏறுவது அரிது. தமிழில் அறிவியல் எழுதுவோர் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் மூல ஆய்வின் டி.ஓ.ஐ. எண்ணை அச்சிடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வாசகரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.