பெருந்தொற்றுக் காலத்தில் மகப்பேறும் தாய்சேய் நலமும்

பெருந்தொற்று ஒன்று பரவும்போது கருவுற்ற பெண்கள், பிள்ளை பெற்ற தாய்மார், பச்சிளங்குழந்தைகள் ஆகியோரின் நலம் இரண்டு வழிகளில் பாதிக்கப்படுகிறது. முதலாவது, நோய்க்கிருமி தாயின் உடலிலும் வளரும் கருவிலும் ஏற்படுத்தும் நேரடிப் பாதிப்பு. இரண்டாவது, ஊரடங்கு, போக்குவரத்துத் தடை, மருத்துவமனை நெருக்கடி, மக்களின் அச்சம் ஆகியவற்றால் மகப்பேற்று மருத்துவ சேவை தடைபடுவதால் ஏற்படும் மறைமுகப் பாதிப்பு. இந்த இரண்டாவது வகையில், நோய்த்தொற்றே ஏற்படாத தாயும் சேயும்கூட உயிரிழக்க நேரிடுகிறது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார அமைப்பு பெருந்தொற்று என அறிவித்த கோவிட்-19 நோய், இவ்விரு பாதிப்புகளையும் உலகம் முழுவதும் ஏற்படுத்தியது.

கருவுற்ற உடலும் நோய்த்தொற்றும்

கருவுற்ற காலத்தில் பெண்ணின் உடலில் பல மாற்றங்கள் ஏற்படுகின்றன. வளரும் கருப்பை, நுரையீரலுக்குக் கீழுள்ள உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதே வேளையில் உடலின் ஆக்சிசன் தேவை கூடுகிறது. இதயம் வழக்கத்தைவிட அதிக இரத்தத்தை இறைக்க வேண்டியுள்ளது. இரத்தம் உறையும் தன்மையும் அதிகரிக்கிறது. கருவை வேற்றுப்பொருளாகக் கருதித் தாக்காதவாறு நோயெதிர்ப்பு மண்டலமும் தன் செயல்பாட்டை மாற்றிக்கொள்கிறது. இவை அனைத்தும் இயல்பான மாற்றங்களே. ஆனால் நுரையீரலைத் தாக்கும் தொற்று ஒன்று ஏற்பட்டால், அதைத் தாங்கும் ஆற்றல் இம்மாற்றங்களால் குறைகிறது.

முந்தைய பெருந்தொற்றுகளிலும் இது காணப்பட்டது. 1918ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சா பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் நோயுற்ற 1,350 கர்ப்பிணிகள் பற்றிய தகவல்கள் திரட்டப்பட்டன. அவர்களில் 27 விழுக்காட்டினர் இறந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நிமோனியா ஏற்பட்டது. நிமோனியா ஏற்பட்டவர்களில் பாதிப்பேர் உயிர் பிழைக்கவில்லை. 2009ஆம் ஆண்டு எச்1என்1 பெருந்தொற்றின்போது, அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் 1 விழுக்காடாக இருந்த கர்ப்பிணிகள், அந்நோயால் இறந்தவர்களில் சுமார் 5 விழுக்காடாக இருந்தனர்.

கோவிட்-19 நோயின் நேரடிப் பாதிப்பு

கோவிட்-19 தொற்றிய கர்ப்பிணிகளில் பெரும்பாலோர் நலமடைந்தனர். எனினும் அதே வயதுடைய பிற பெண்களுடன் ஒப்பிடும்போது, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் வாய்ப்பும் செயற்கை சுவாசக் கருவி தேவைப்படும் வாய்ப்பும் கர்ப்பிணிகளுக்கு அதிகமாக இருந்தன. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன் உள்ளவர்களுக்கு இடர் மேலும் கூடியது. 18 நாடுகளில் 43 மருத்துவ நிறுவனங்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2021இல் வெளியானது. தொற்று ஏற்பட்ட கர்ப்பிணிகளிடையே முன்சூல்வலிப்பு, குறைப்பிரசவம், கடுமையான தொற்றுகள், இறப்பு ஆகியவை அதிகமாக இருந்ததை அது காட்டியது.

கருவுக்கும் பாதிப்பு ஏற்பட்டது. தாயிடமிருந்து கருவுக்கு வைரசு நேரடியாகப் பரவுவது அரிது. ஆனால் சிலருக்கு நச்சுக்கொடியில் அழற்சி ஏற்பட்டுக் கருவுக்குச் செல்லும் ஆக்சிசன் தடைபட்டது. 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை அமெரிக்க மருத்துவமனைகளில் நிகழ்ந்த 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட மகப்பேறுகள் ஆராயப்பட்டன. மகப்பேற்றின்போது கோவிட்-19 இருந்த தாய்மாரில் 1.26 விழுக்காட்டினருக்கும், இல்லாதவர்களில் 0.64 விழுக்காட்டினருக்கும் குழந்தை இறந்து பிறந்தது. டெல்டா திரிபு பரவிய மாதங்களில் தொற்று இருந்தவர்களிடையே இது 2.70 விழுக்காடாக உயர்ந்தது.

மறைமுகப் பாதிப்பு: மூன்று தாமதங்கள்

பேறுகால இறப்புகளுக்கான காரணங்களை விளக்க, சரீன் தாடியஸ், டெபோரா மெயின் ஆகியோர் 1994இல் ‘மூன்று தாமதங்கள்’ என்ற கருத்தை முன்வைத்தனர். மருத்துவ உதவி தேவை என்று முடிவெடுப்பதில் ஏற்படுவது முதல் தாமதம். மருத்துவமனையைச் சென்றடைவதில் ஏற்படுவது இரண்டாம் தாமதம். சென்றடைந்த பின் தகுந்த சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாம் தாமதம். பிரசவத்துக்குப் பின் ஏற்படும் இரத்தப்போக்கு சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் இத்தாமதங்கள் ஒவ்வொன்றும் முதன்மையானவை.

பெருந்தொற்று இம்மூன்றையும் ஒரே நேரத்தில் நீட்டித்தது. மருத்துவமனைக்குச் சென்றால் தொற்றிக்கொள்ளும் என்ற அச்சத்தில் குடும்பங்கள் காத்திருந்தன. பேருந்தும் ஆட்டோவும் ஓடவில்லை. மருத்துவமனையை அடைந்தவர்கள் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. மகப்பேற்றுப் பிரிவின் மருத்துவர்களும் செவிலியர்களும் சில இடங்களில் கோவிட் பணிக்கு மாற்றப்பட்டிருந்தனர். சிலர் தாமே நோயுற்றிருந்தனர்.

நேபாளத்தின் நிலை

மறைமுகப் பாதிப்பைத் தெளிவாகப் பதிவுசெய்த ஆய்வுகளில் ஒன்று நேபாளத்தில் நடந்தது. அங்கு 9 மருத்துவமனைகளில் ஊரடங்குக்கு முன்பும் ஊரடங்கின்போதும் நிகழ்ந்த மகப்பேறுகள் ஒப்பிடப்பட்டன. வாரத்துக்குச் சராசரியாக 1,261 ஆக இருந்த மகப்பேறுகள் 651 ஆகக் குறைந்தன. மருத்துவமனைக்கு வந்தவர்களிடையே 1,000 பிறப்புகளுக்கு 14 ஆக இருந்த இறந்து பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 21 ஆனது. பச்சிளங்குழந்தை இறப்பு 1,000க்கு 13இலிருந்து 40 ஆக உயர்ந்தது. பிரசவ வலியின்போது கருவின் இதயத்துடிப்பைக் கண்காணிப்பதும் குறைந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலைமை மோசமான பின்னரே பலர் மருத்துவமனைக்கு வந்திருக்கக்கூடும் என்பதால், இறப்பு விகித உயர்வின் ஒரு பகுதிக்கு அதுவும் காரணமாகலாம். அதேநேரம், மருத்துவமனைக்கு வராமல் வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது இக்கணக்கில் சேரவில்லை. அந்த ஆய்வு ஒரு நல்ல மாற்றத்தையும் பதிவுசெய்தது. மருத்துவப் பணியாளர்கள் பிரசவத்தின்போது கைகளைத் தூய்மை செய்யும் வழக்கம் கூடியிருந்தது.

சியேரா லியோன் முன்பே தந்த எச்சரிக்கை

இத்தகைய நிலைமை கோவிட்-19க்கு முன்பே மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2014-15இல் சியேரா லியோன் நாட்டில் எபோலா கொள்ளைநோய் பரவியபோது, மருத்துவமனைகள் மீதான அச்சத்தால் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கும் பிரசவத்துக்கும் வருவது குறைந்தது. சேவைகளைப் பயன்படுத்துவது குறைந்ததால் மட்டும் தாய்மார் இறப்பு, பச்சிளங்குழந்தை இறப்பு, இறந்து பிறத்தல் ஆகியவை சேர்ந்து சுமார் 3,600 கூடுதலாக நிகழ்ந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்நாட்டில் எபோலா நோயால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 3,950 பேர். நோயால் ஏற்பட்ட இறப்புகளும், நோயைக் கண்டு அஞ்சிச் சேவை முடங்கியதால் ஏற்பட்ட இறப்புகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன.

இந்தியாவில்

இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மகப்பேற்று சேவை, தடுப்பூசி உள்ளிட்ட இன்றியமையாத மருத்துவ சேவைகள் தொடர வேண்டும் என்று நடுவண் அரசு ஏப்ரல் மாதத்தில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் நடைமுறையில் இடர்ப்பாடுகள் இருந்தன. நகரங்களிலிருந்து சொந்த ஊருக்கு நடந்தே சென்ற புலம்பெயர் தொழிலாளர்களில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருந்தனர். வழியிலேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குச் செல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவைப்பட்ட மாதங்களில் இப்பயணமும் எளிதாக இல்லை. ஓர் ஊரில் பரிசோதனைகள் செய்துகொண்டு மற்றோர் ஊரில் பிள்ளை பெறும் பெண்ணுக்கு, மருத்துவப் பதிவுகள் கையில் இருப்பது எவ்வளவு தேவையானது என்பதை அக்காலம் உணர்த்தியது.

2021இல் வந்த இரண்டாம் அலை கடுமையாக இருந்தது. இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வில், தொற்று ஏற்பட்ட கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோரில் நோய் அறிகுறிகள் இருந்தவர்கள் முதல் அலையில் 14.2 விழுக்காடு, இரண்டாம் அலையில் 28.7 விழுக்காடு. இறப்பு விகிதம் 0.7 விழுக்காட்டிலிருந்து 5.7 விழுக்காடாக உயர்ந்தது.

பிரசவ அறையில் ஏற்பட்ட மாற்றங்கள்

பிரசவத்தின்போது பெண்ணுக்கு விருப்பமான ஒருவர் உடனிருப்பது அவளுக்கு மனவலிமை தரும். பிரசவ நேரத்தையும் குறைக்கும். பெருந்தொற்றின் தொடக்கத்தில் பல மருத்துவமனைகள் உடனிருப்பவர்களைத் தடைசெய்தன. நியூயார்க்கில் சில மருத்துவமனைகள் 2020 மார்ச் மாதத்தில் இத்தடையை விதித்தன. எதிர்ப்பு எழுந்ததும், ஒருவரை அனுமதிக்க வேண்டும் என்று மாநில அரசு ஆணையிட்டது. தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனிருப்பாளரை அனுமதிக்கலாம் என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு.

தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்து வைப்பதும் சில நாடுகளில் நடந்தது. தாய்ப்பாலூட்டலின் நன்மை தொற்றின் இடரைவிடப் பெரிது என்பதால், முகக்கவசம் அணிந்து, கைகளைக் கழுவித் தாய்ப்பால் ஊட்டலாம் என்று உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்தியது. கோவிட்-19 இருப்பது மட்டுமே சிசேரியன் அறுவைக்குக் காரணமாகாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

மனநலமும் குடும்ப நலமும்

17 நாடுகளில் நடந்த 40 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வொன்று, பெருந்தொற்றுக் காலத்தில் இறந்து பிறத்தலும் தாய்மார் இறப்பும் தாய்மாரின் மனச்சோர்வும் கூடியிருந்ததைக் காட்டியது. தனிமை, வருமான இழப்பு, உறவினர் வந்து உதவ முடியாமை ஆகியவை மனச்சோர்வுக்கு வழிவகுப்பவை. கருத்தடை சேவைகளும் தடைபட்டன. 115 நாடுகளில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பெண்களுக்குக் கருத்தடைச் சாதனங்கள் கிடைப்பது தடைபட்டதாகவும், அதனால் 14 இலட்சம் திட்டமிடாத கருத்தரிப்புகள் நேர்ந்ததாகவும் ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2021இல் மதிப்பிட்டது.

எல்லா விளைவுகளும் ஒரே திசையில் செல்லவில்லை. 26 நாடுகளில் 5 கோடியே 20 இலட்சம் பிறப்புகளை ஆராய்ந்ததில், ஊரடங்கின் முதல் மூன்று மாதங்களில் குறைப்பிரசவங்கள் 3 முதல் 4 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. பிற தொற்றுகள் பரவாததும் காற்று மாசு குறைந்ததும் காரணங்களாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

ஏற்றத்தாழ்வு

வளம் மிக்க நாடுகளும் தப்பவில்லை. அமெரிக்காவில் 1,00,000 உயிருள்ள பிறப்புகளுக்கான பேறுகால இறப்பு 2019இல் 20.1, 2020இல் 23.8, 2021இல் 32.9. அந்த ஓராண்டில் மட்டும் 1,205 தாய்மார் இறந்தனர். 2022இல் இது 22.3 ஆகக் குறைந்தது. 2021இல் வெள்ளையினப் பெண்களிடையே 26.6 ஆக இருந்த இவ்விகிதம், கறுப்பினப் பெண்களிடையே 69.9 ஆக இருந்தது. ஏற்கெனவே நிலவிய ஏற்றத்தாழ்வு பெருந்தொற்றிலும் தொடர்ந்தது.

தடுப்பூசியும் கர்ப்பிணிகளும்

கோவிட்-19 தடுப்பூசிகளின் தொடக்க காலச் சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. கருவுக்குத் தீங்கு நேரக்கூடாது என்ற எச்சரிக்கையே இதற்குக் காரணம். ஆனால் இதனால், தடுப்பூசி வந்தபோது அது கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானதா என்று கூறத் தரவுகள் இல்லாமல் போயின. இந்தியாவில் 2021 சனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது சூலை 2 அன்றுதான். அதற்குள் இரண்டாம் அலையின் உச்சம் கடந்துவிட்டது.

பின்னர் வந்த தரவுகள் தடுப்பூசியின் பயனை உறுதிப்படுத்தின. ஸ்காட்லாந்தில் தீவிர சிகிச்சை தேவைப்பட்ட கோவிட்-19 கர்ப்பிணிகளில் 98 விழுக்காட்டினர் தடுப்பூசி செலுத்திக்கொள்ளாதவர்கள். தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பான்கள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் சென்று, பிறந்த பின் சில மாதங்கள் பாதுகாப்புத் தருகின்றன.

படிப்பினைகள்

பெருந்தொற்றின்போது பல சிகிச்சைகளைத் தள்ளிவைக்க முடியும். பிரசவத்தைத் தள்ளிவைக்க முடியாது. எனவே மகப்பேற்றுப் பிரிவின் பணியாளர்களையும் படுக்கைகளையும் வேறு பணிக்கு மாற்றாதிருத்தல், தொற்றுள்ள தாய்மாருக்குத் தனிப் பிரசவ அறை அமைத்தல், கர்ப்பிணிகளின் வாகனங்களுக்குத் தடையற்ற வழி அளித்தல் ஆகியவை முன்கூட்டியே திட்டமிடப்பட வேண்டியவை. இயல்பான கர்ப்பத்தில் சில ஆலோசனைகளைத் தொலைபேசியில் வழங்கலாம். ஆனால் இரத்த அழுத்தம் பார்த்தல், இரத்தப் பரிசோதனை போன்றவற்றுக்கு நேரடிச் சந்திப்பே தேவை. புதிய தடுப்பூசிகளின் ஆய்வில் கர்ப்பிணிகளைத் தகுந்த பாதுகாப்புடன் விரைவில் சேர்ப்பதும் வலியுறுத்தப்படுகிறது.

குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய அபாய அறிகுறிகளும் உள்ளன. இரத்தப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்குதல், வலிப்பு, மூச்சுத்திணறல், கடும் காய்ச்சல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், எந்தத் தொற்று பரவிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.