மதுரைக்கு ஒரு மணி நேரம்தானே?

“டாக்டர், விமானத்தில் போனால் ஒரு மணி நேரம்தானே? அம்மாவை அழைத்துச் செல்லலாமா?” சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், தென் மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பத்தினர் பலரும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலானோருக்கு ‘செல்லலாம்’ என்பதே பதில். ஆனால் சிலருக்கு அந்த ஒரு மணி நேரமே ஆபத்தாக முடியலாம்.

சென்னைக்கும் மதுரைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 420 கிலோமீட்டர். பயணச்சீட்டில் ஒன்றேகால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகக் குறிப்பிடப்படும். ஓடுபாதைக்குச் செல்வதும், இறங்கியபின் நிற்குமிடம் சேர்வதும் அதில் அடங்கும். வானில் இருப்பது ஒரு மணி நேரத்தை ஒட்டியே.

விமானத்தினுள் நிகழ்வது என்ன?

பறக்கும்போது விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் உள்ள அளவுக்கு இருப்பதில்லை. அது 8,000 அடி உயர மலையில் உள்ள அளவு வரை குறையலாம். உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி. மலைப்பாதையில் சில மணி நேரத்தில் ஏறும் உயரத்தை, விமானத்தில் சில நிமிடங்களில் உடல் சந்திக்கிறது. 8,000 அடியில் சுவாசிப்பது, தரையில் 21 விழுக்காட்டுக்குப் பதில் ஏறத்தாழ 15 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்கு ஒப்பாகும். நலமுள்ளவர் இதை உணர்வதில்லை. நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு மூச்சுத்திணறல் ஏற்படலாம்.

அழுத்தம் குறையும்போது, உடலுக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரிவடைகிறது. நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. பயணம் எவ்வளவு குறுகியது என்பதால் இது மாறுவதில்லை.

யார் காத்திருக்க வேண்டும்?

• நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியவர்கள்: எக்ஸ்-ரேயில் முழுமையாகச் சரியானது உறுதியான பின்னும் குறைந்தது ஒரு வாரம்.

• சிக்கலற்ற மாரடைப்பு: பொதுவாக 7 முதல் 10 நாள்கள்.

• வயிற்றில் திறந்த அறுவை சிகிச்சை: ஏறத்தாழ 10 நாள்கள்.

• விழித்திரைச் சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்டவர்கள்: வாயு முற்றிலும் கரைந்ததாகக் கண் மருத்துவர் கூறும்வரை.

• ஓய்வில் ஆக்சிஜன் அளவு 92 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ளவர்கள், கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள்: மருத்துவரின் மதிப்பீட்டுக்குப் பின்னரே.

இவை பொதுவான கால அளவுகள். உங்களுக்குரியதை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.

ஆக்சிஜன் தேவைப்படுவோர்

வீட்டிலுள்ள ஆக்சிஜன் உருளையை விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாது. கையடக்க ஆக்சிஜன் கருவிக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதியும், மருத்துவர் நிரப்பிய படிவமும் தேவை. பயணத்துக்குச் சில நாள்கள் முன்னரே தொடங்குங்கள்.

இரயிலையும் எண்ணிப் பாருங்கள்

வீட்டிலிருந்து விமான நிலையம் சேர்வது, முன்கூட்டியே காத்திருப்பது, இறங்கியபின் ஊர் செல்வது ஆகிய அனைத்தையும் கூட்டினால், ‘ஒரு மணி நேரம்’ ஐந்து மணி நேரத்தை நெருங்கிவிடும். எழும்பூரிலிருந்து மதுரைக்கு வந்தே பாரத் இரயில் ஆறு மணி நேரத்துக்குள் செல்கிறது. தேஜஸ் ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் சேர்கிறது. வழியில் காற்றழுத்தம் பெரிதாகக் குறைவதில்லை. விமானப் பயணம் கூடாதவர்களுக்கு இதில் இழப்பு மிகக் குறைவே.

எனவே பயணச்சீட்டுப் பதிவு செய்யும் முன், வீடு திரும்பும் நாள் முடிவாகும்போதே, எந்த வழியில் செல்லப்போகிறீர்கள் என்பதை எங்களிடம் கூறுங்கள். மருத்துவ அறிக்கையையும் மாத்திரைகளையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.