ஆடாத ஆட்டத்தின் கணக்கு

ஒரகடம் சாலையில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்சுக்குக் காத்து நிற்கும் தோழர்களுக்கு எண்ணிக்கையைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மணிக்கு இத்தனை உருப்படி என்று எண்ணிலேயே நாளைக் கழிப்பவர்கள் அவர்கள். இன்று ஓர் ஆட்டக்காரரின் கணக்கை அவர்கள் முன் விரிக்கிறோம். டென்னிஸ் பணக்காரர் ஆட்டமாயிற்றே, நமக்கென்ன என்று ஏட்டை மடித்துவிட வேண்டாம்!

சென்னையில் 1953-இல் பிறந்தவர் விஜய் அமிர்தராஜ். தொழில்முறை டென்னிசில் ஒற்றையர் பட்டங்கள் 15. 1980-இல் உலகத் தரவரிசையில் 18-ஆம் இடம். விம்பிள்டனில் 1973-லும் 1981-லும் கால் இறுதி. அமெரிக்க ஓபனில் 1973, 1974 இரண்டாண்டும் கால் இறுதி. ராட் லேவரை வென்றார், போர்க்கை வென்றார், கானர்சை வென்றார். அதே கானர்சிடம் 1981 விம்பிள்டனில் முதல் இரண்டு செட்டையும் பிடித்துவிட்டு, அடுத்த மூன்றையும் பறிகொடுத்தார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் பட்டம் இல்லை, அரையிறுதியும் இல்லை. மறைப்பானேன்?

ஆனால் 1974-ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பையைப் பாருங்கள், தோழர்களே! கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று இந்தியா சாய்த்தது. அந்த ஐந்து ஆட்டங்களில் ஆடிய கேம்கள் மட்டும் 327! அண்ணன் ஆனந்தும் தம்பி விஜயும் தோளோடு தோள் நின்றார்கள். பூனாவில் சோவியத் அணியும் வீழ்ந்தது. எஞ்சியது இறுதிப் போட்டி. எதிரே தென்னாப்பிரிக்கா.

வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று பள்ளியையும் பஸ்சையும் கடற்கரையையும் சட்டம் போட்டுப் பிரித்திருந்த நாடு அது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போன நம் தமிழரின் பேரப்பிள்ளைகளும் அந்தச் சட்டத்தின் கீழேதான் கிடந்தார்கள். நிறவெறி அணியோடு ஆட மாட்டோம் என்றது இந்தியா. ஆடாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று.

முடிவெடுத்தவர்கள் அரசும் டென்னிஸ் சங்கமும். விலை கொடுத்தவர்களோ ஆட்டக்காரர்கள்! அப்போது விஜய்க்கு வயது 20. இறுதிப் போட்டிக்கு மீண்டும் வர 13 ஆண்டுகள் ஆயின. 1987-இல் ஸ்வீடன் 5-0 என்று வென்றது. டேவிஸ் கோப்பை இன்றுவரை நம் கைக்கு வரவில்லை. முடிவு சரியே என்பது நம் கருத்து. அதற்காக அந்த இளைஞன் இழந்ததை இல்லையென்று சொல்லலாமா?

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்த தோழர்களைக் கேளுங்கள். வேலைக்குப் போக மறுத்த நாள் சம்பளச் சீட்டில் எப்படி விழும் என்று சொல்வார்கள். அதே 2024-இல்தான் உலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் விஜய் சேர்க்கப்பட்டார். கோப்பைப் பட்டியலில் மட்டும் 1974-க்கு நேரே, வென்ற நாடு என்ற இடத்தில், தென்னாப்பிரிக்கா என்றே இருக்கிறது.